"இந்தப் படத்துக்குப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போலாமா அக்கா?"

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் குடியிருப்பிலிருந்து எனக்கு இந்த மெசேஜ் வந்துவிடும். மறுநாள் எந்தப் படம் ரிலீஸோ அந்தப் படத்தின் போஸ்டர், கீழே இந்தக் கேள்வி. நான் டப்பிங் வசனம் எழுதுகிறவள். வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர்கள், குழந்தைகள் படங்கள், சமயத்தில் தெலுங்கு, மலையாளப் படங்கள் எல்லாவற்றுக்கும் தமிழில் வசனம் எழுதிக் கொடுப்பது என் வேலை. சாலிகிராமத்தில் ஸ்டுடியோ, வளசரவாக்கத்தில் வீடு. ஆறாம் வகுப்பில் ஒரு மகன், ஒன்றாம் வகுப்பில் ஒரு மகள். சினிமாவில் இருப்பவளுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

பலரும் முதலில் பார்ப்பது சான்றிதழை. "யு போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்று நம் ஊரில் கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006-ல் கேளிக்கை வரி விலக்கு கொடுத்தார்கள். 2011-ல் அதில் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: படம் 'யு' சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். பெரிய பட்ஜெட் படத்துக்கு அந்த விலக்கு எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எப்படியாவது 'யு' வாங்கிவிட வேண்டும் என்று இங்கே ஒரு வெட்டும், அங்கே ஒரு மியூட்டுமாகப் படத்தைத் தயார் செய்வது வழக்கமானது. ரத்தம் தெறிக்கும் ஷாட்டில் இரண்டு நொடி போகும், அடிதடி அப்படியே இருக்கும். 2017-ல் ஜிஎஸ்டி வந்து அந்த ஏற்பாடே மாறிவிட்டது. ஆனால் அந்த வருடங்களில் வந்த படங்கள்தான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் 'யு' ஐந்து வயதுப் பிள்ளையை மனதில் வைத்துக் கொடுத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் தெளிவு. முன்பெல்லாம் யு/ஏ என்றால் ஒரே யு/ஏதான். 1983-லிருந்து அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பேய்ப் படமும் யு/ஏ, குடும்பப் படத்தில் ஒரு சண்டை இருந்தாலும் யு/ஏ. 2023-ல் சட்டத்தைத் திருத்தி அதை யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். போஸ்டரிலும், படம் தொடங்கும் முன் திரையில் காட்டும் சான்றிதழிலும் இந்த எண்ணைப் பார்க்கலாம். தயவுசெய்து பாருங்கள்.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. இந்த எண் பெற்றோருக்குச் சொல்லும் ஆலோசனை. 16+ என்று போட்ட படத்துக்கு ஆறு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும் வாசலில் நிறுத்தமாட்டார்கள். முடிவை முழுக்க நம் கையில் விட்டிருக்கிறார்கள். 'ஏ' சான்றிதழ் மட்டும் வேறு. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் அம்மா அப்பாவோடு வந்தாலும் உள்ளே விடக்கூடாது. இதற்காகத் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் பையனோடு சண்டை போடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். "எங்க பையன், எங்களுக்குத் தெரியும்" என்பார்கள். அந்தப் பையன் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்கிறான், அவனை விட்டுவிடுங்கள்.

சரி, சான்றிதழ் பார்த்தாயிற்று. இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே.

தணிக்கையில் பெரும்பாலும் எண்ண முடிந்தவை கணக்கில் வரும். ரத்தம், கெட்ட வார்த்தை, சிகரெட், உடை. குழந்தை ராத்திரி எழுந்து அழுவது பல நேரம் எண்ண முடியாத ஒன்றால். இதை நான் ஸ்டுடியோவில்தான் கற்றுக்கொண்டேன். டப்பிங்குக்குப் படம் வரும்போது பேச்சை மட்டும் நீக்கிவிட்டு, இசையும் சத்தமும் உள்ள டிராக்கைத் தனியாக அனுப்புவார்கள். கொஞ்ச நாள் முன்பு ஒரு அனிமேஷன் தொடர் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கானது, பளிச்சென்ற நிறங்கள். அதில் ஒரு குட்டி விலங்கும் அதன் அம்மாவும் மரப்பாலத்தில் நடக்கிறார்கள், பாலம் உடைகிறது, அம்மா வெள்ளத்தில் போய்விடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. அம்மா விழுவதைக்கூடக் காட்டவில்லை. ஆனால் அந்த இடத்தில் இசை சட்டென்று நின்றுவிடுகிறது. தண்ணீர்ச் சத்தமும் அடங்குகிறது. குட்டி மூச்சுவிடுகிற சத்தம் மட்டும், காதுக்குள் கேட்கிற மாதிரி. அந்த மூச்சைத் தமிழில் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. குரல் கொடுத்த பெண் முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்து, கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியருக்கு நாலு வயதில் மகள். "அக்கா, இதை என் பொண்ணுக்குப் போட்டுக் காட்டமாட்டேன்" என்றார். வயது எழுத்தைப் பார்த்தால் அந்தத் தொடர் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றது.

அவர் மகளுக்கு அது வேண்டாம். என் மகளுக்கு? எனக்கும் தெரியும், வேண்டாம். அவளுக்கு அரக்கன், பேய், பூதம் எதுவும் ஒரு பொருட்டே இல்லை. புராணக் கார்ட்டூனில் நரசிம்மர் இரணியனின் வயிற்றைக் கிழிக்கும்போது சோற்றுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டியவள். ஆனால் பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தையைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை என்று ஒரு விளம்பரத்தில் வந்தாலே எழுந்து என்னைத் தேடி வந்துவிடுவாள். மகன் அப்படியே தலைகீழ். ஆஸ்பத்திரிக் காட்சி, ஊசி, ஆக்சிஜன் மாஸ்க் என்றால் அவன் முகம் மாறிவிடும். அவன் தாத்தா ஐசியூவில் இருந்ததைப் பார்த்தவன். எந்த வாரியமும் இதைச் சான்றிதழில் எழுத முடியாது. 7+ என்பது ஊரிலுள்ள ஏழு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு எண். உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படும், வீட்டில் சமீபத்தில் என்ன நடந்தது, யாராவது இறந்தார்களா, நீங்களும் உங்கள் கணவரும் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்ட வாரமா இது, எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "பாப்பாவுக்கு எதைப் பார்த்தால் பயம்?" என்றுதான். பல அம்மாக்கள் யோசித்துவிட்டு உடனே சொல்லிவிடுகிறார்கள். அப்பாக்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. பரவாயில்லை, பிள்ளையிடமே கேட்கலாம்.

முதல் நாள் முதல் காட்சிக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கும் இதுவே காரணம். டிரெய்லரை நம்ப முடியாது. யூடியூபில் வருகிற டிரெய்லர் தணிக்கைக்குப் போவதில்லை. தவிர டிரெய்லரில் பாட்டும் காமெடியும் போட்டுவிட்டு, படத்தில் உண்மையில் கனமான இடத்தை மறைத்து வைப்பதுதான் வியாபாரம். இரண்டு நாள் பொறுத்தால் பார்த்தவர்கள் யாராவது கிடைப்பார்கள். "படம் எப்படி?" என்று அவர்களிடம் கேட்டால் "சூப்பர்" அல்லது "மொக்கை" என்றுதான் வரும். வேறு மாதிரி கேளுங்கள். படத்தில் குழந்தைக்கோ நாய்க்கோ ஏதாவது ஆகிறதா? அம்மா அப்பா யாராவது சாகிறார்களா? யாரையாவது கட்டி வைத்து அடிக்கிறார்களா, எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்? இன்டர்வல் எதில் விடுகிறார்கள்? கடைசிக் கேள்வி விளையாட்டுக்கு இல்லை. தமிழ்ப் படத்தில், முக்கியமாக ஹீரோ படத்தில், இருக்கிற வன்முறையில் பாதியைக் கொண்டுபோய் இன்டர்வல் பிளாக்கில் வைப்பார்கள், மீதியை கிளைமாக்ஸில். ஓடிடியில் முன்கூட்டிப் பார்ப்பதென்றால் முழுப் படமும் பார்க்க நேரமில்லாதவர்கள் இந்த இரண்டு இடத்தையும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் ஒரு மணி பத்து நிமிடத்தில் தொடங்கி ஒரு கால் மணி நேரம், அப்புறம் கடைசி இருபது நிமிடம்.

தியேட்டரில் ஓரத்து சீட் எடுங்கள். சத்தமும் இருட்டும் சேரும்போது வீட்டில் சிரித்துக்கொண்டு பார்க்கும் காட்சியே அங்கே வேறாகிவிடும். "பயமா இருந்தா சொல்லு, வெளியே போயிடலாம்" என்று படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், சொன்னால் நிஜமாகவே எழுந்து போங்கள். டிக்கெட் காசு போச்சே என்று உட்கார வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதில் பயனில்லை. பாதி பயம் காது வழியாகத்தான் போகிறது.

டப்பிங் படங்களைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லமாட்டார்கள். வெளிநாட்டுக் குழந்தைகள் படம் ஒன்றை இணையத்தில் தேடினால் எந்த வயதுக்கு ஏற்றது என்று பல பெற்றோர் எழுதியிருப்பார்கள். நல்ல விஷயம்தான், நானும் படிக்கிறேன். ஆனால் அவர்கள் பார்த்தது ஆங்கிலத்தில். தமிழில் அதே படம் வரும்போது சிரிப்பு வேண்டும் என்று வசனத்தை மாற்றச் சொல்வார்கள். மூலத்தில் ஒரு பாத்திரம் இன்னொன்றைப் பார்த்து, "சீக்கிரம் வா" என்று மட்டும் சொல்லியிருக்கும். தமிழில் அதற்கு ஒரு பட்டப்பெயர் வேண்டும் என்பார்கள். பருமனாக இருந்தால் 'பூசணி', கறுப்பாக இருந்தால் 'கரிச்சட்டி', திக்கிப் பேசினால் அதை வைத்து ஒரு கிண்டல். நான் எழுதும் படங்களில் இதை எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. ஒரு முறை நான் எழுதிக் கொடுத்ததற்கு மேலே ரெக்கார்டிங்கில் நாலு கிண்டலைச் சேர்த்திருந்தார்கள், படம் வந்த பிறகுதான் கேட்டேன். ரொம்ப நாள் மனசு ஆறவில்லை. ஏனென்றால் இந்த வார்த்தைகள் திரையிலேயே நிற்பதில்லை. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வேனில் ஏறுகின்றன. எந்தப் பிள்ளை பருமனோ, எந்தப் பிள்ளை கறுப்போ, அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேர்கின்றன. எனவே உங்கள் பிள்ளை தமிழில் பார்க்கப் போகிறது என்றால் தமிழ் ஆடியோவில் ஒரு பத்து நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரிய பையன்களுக்கு விஷயம் வேறு. என் மகன் வயதில் ரத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது ஹீரோ ஒரு பெண்ணின் பின்னாலேயே போவது. அவள் வேண்டாம் என்கிறாள். திட்டுகிறாள். அவன் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், வீட்டு வாசலில் நிற்கிறான், நண்பர்கள் சிரிக்கிறார்கள், பாட்டு வருகிறது, பாட்டு முடிவதற்குள் அவள் சிரித்துவிடுகிறாள். இது 'யு' படத்திலும் தாராளமாக வரும். போன வருடம் டிவியில் இப்படி ஒரு பாட்டு ஓடும்போது மகன், "அவங்கதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே, இவர் ஏம்மா பின்னாடியே போறாரு?" என்று கேட்டான். சத்தத்தைக் குறைத்துவிட்டு அவனிடமே திருப்பிக் கேட்டேன், "உன் கிளாஸ்ல ஒரு பையன் இப்படிப் பண்ணினா அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கும்?" அவன் யோசித்துவிட்டு, "பயமா இருக்கும்" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, சத்தத்தைக் கூட்டினேன். 'பெற்றோர் வழிகாட்டுதலுடன்' என்று சான்றிதழில் போடுகிறார்களே, எனக்குத் தெரிந்து அது இதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளையை டிவி முன்னால் விட்டுவிட்டு நாம் சமையலறையில் இருந்தால் அந்தக் கேள்வியை அவன் யாரிடம் கேட்பான்?

ஓடிடிக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவர்களே படத்தையும் தொடரையும் வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். தொடங்கும்போது திரையின் மூலையில் எண்ணும், வன்முறை, தகாத மொழி என்று காரணமும் வரும். சில நொடிதான் இருக்கும், நாம் பாப்கார்ன் எடுக்கப் போயிருப்போம். யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் கொடுத்தாக வேண்டும். கொடுத்திருக்கிறார்கள், நாம்தான் போடுவதில்லை. பிள்ளைக்குத் தனி புரொஃபைல் வைத்தால் மட்டும் போதாது. உங்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடாவிட்டால் பிள்ளை அதைத் தொட்டு உள்ளே போய்விடும். அடுத்த எபிசோட் தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, தியேட்டரில் வெட்டிய காட்சிகளைச் சில படங்களில் ஓடிடியில் திரும்பச் சேர்த்துவிடுகிறார்கள். தியேட்டரில் பார்த்துச் சரி என்று நினைத்த படமாக இருந்தாலும் அந்த மூலையை ஒரு பார்வை பாருங்கள்.

இதுவரை சொன்னது எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு எழுத்து, ஏதோ ஒரு எண் இருக்கிறது. போனில் வருகிற குட்டி வீடியோக்களுக்கு எதுவுமே இல்லை. எனக்கு இப்போது அதிகம் பயம் அதைப் பற்றித்தான். எங்கள் மாடியில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும்போது ஓடிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏஐயில் செய்த பூனை வீடியோ. வட்டக் கண், மஞ்சள் நிறக் குட்டி, பின்னணியில் மியாவ் மியாவ் என்று ஒரு பாட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் குழந்தைப் பாட்டு என்றுதான் நினைப்போம். அப்பா பூனை குடித்துவிட்டு வருகிறது, அம்மா பூனையை அடிக்கிறது, அம்மா பூனை குட்டியோடு மழையில் வெளியே போகிறது, ரோட்டில் லாரி. ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த வீடியோவும் அதே குட்டி, இந்த முறை அதை யாரோ குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள். குழந்தை கண் இமைக்காமல் வாயைத் திறந்து இட்லியை வாங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா போனின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், திரை குழந்தை பக்கம் இருந்தது. போனை வாங்கி அவளுக்குக் காட்டினேன். அவள் பதறிப்போனாள்.

நான் அவளுக்குச் செய்து கொடுத்தது இதுதான். சாதாரண யூடியூபைக் குழந்தையிடம் கொடுக்க வேண்டாம் என்று யூடியூப் கிட்ஸ் போட்டோம். அதிலும் நாலு வயதுக்குள், ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று பிரிவுகள் உண்டு. அவற்றைவிட நல்லது, பெற்றோர் அனுமதித்ததை மட்டும் காட்டும் அமைப்பு. நாமே பார்த்துத் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் வரும், தேடவும் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஆறேழு சேனல்களைச் சேர்த்தோம். மூன்று வயதுக்கு அது தாராளம். அதே பாட்டை இருபது தடவை கேட்கிற வயது அது. புதிதாக வேண்டும் என்று கேட்பது போன்தான், குழந்தை கேட்பதில்லை.

பாட்டிமார்கள் பார்க்கும் சீரியல்களுக்கும் திரையில் எந்த வயது எண்ணும் வருவதில்லை. பாலில் விஷம் கலப்பதும், கன்னத்தில் அறைவதை மூன்று கோணத்தில் காட்டுவதும் எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஓடும். நாள் முழுக்க வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் என் அத்தைக்கு இருப்பது அந்த ஒரு மணி நேரம். அதை அணைக்க எனக்கு மனமில்லை. "அத்தை, நீங்க நிம்மதியா பாருங்க, நாங்க அந்த நேரத்துல உள்ளே இருந்துக்கறோம்" என்றேன். சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினோம். எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்கு உள்ளறையில் கதை. முதலில் அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பேத்தி மடியில் இல்லாமல் சீரியல் பார்க்கப் பிடிக்கவில்லை. இப்போது சில நாட்களில் அவரே சீரியலை விட்டுவிட்டுக் கதை சொல்ல உள்ளே வந்துவிடுகிறார். அவர் சொல்லும் கதைகளில் நரி ஆட்டுக்குட்டியைத் தின்றுவிடும். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அத்தையின் குரல் எந்த இடத்தில் இறங்க வேண்டுமோ அந்த இடத்தில் இறங்கிவிடுகிறது, பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வதால்.

மகன் வகுப்பில் இப்போது ஒரு யு/ஏ 16+ படத்தைப் பற்றித்தான் பேச்சு. பாதிப் பேர் பார்த்துவிட்டார்களாம். "நான் மட்டும்தாம்மா பாக்கல" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எல்லாரும் பேசும்போது தனியாக நிற்பது பதினொரு வயதில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிகிறது. அந்தப் படத்தை நான் பார்த்துவிட்டேன். அவனுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லி, எந்தக் காட்சிக்காக வேண்டாம் என்பதையும் சொன்னேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் ஒருவரை அதில் கொல்கிறார்கள். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கதையை மட்டும் சொல்லு, கிளாஸ்ல பேசறதுக்கு" என்றான். இன்டர்வல் வரைக்கும் சொல்லியிருக்கிறேன், மீதி இன்றைக்கு ராத்திரி.